நஷ்டத்தில் பங்கு

ஃபென்மாதூ தீவு,
அக்டோபர் 2014

அன்புத் தம்பி ஃபிக்ரிக்கு, ஷஃபீகா ராத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து நேற்றுதான் வாசலைத் தாண்டினேன். முதலில் கபரடிக்குப் போக வேண்டும் என்று கால் நினைத்தது. பாதி வழியில்தான், கடலோடு போன என் வீட்டுக்காரருக்கு இங்கே கபர் இல்லை என்பது உறைத்தது. அப்படியே திரும்பித் தபால் ஆபீசுக்குப் போய் உறை வாங்கி வந்தேன். உங்கள் மாலே முகவரியை, தீவு தீவாக வரும் வங்கித் தோணியின் காசாளர் கொடுத்தார். உங்களைக் கேட்காமல் கொடுத்ததற்காக அவரைக் கோபிக்காதீர்கள்.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ராயிஃப் பள்ளிக்கூடம் போகிறான். முன்பு போல வாயாடுவதில்லை, ஆனால் சாப்பிடுகிறான். சின்னவள் மிஷ்கா வாப்பா எப்போது வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம் ஈரப்பலா நிறையக் காய்த்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு சாக்கு வறுத்துக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

படகு மூழ்கிய அதே வாரம் வங்கியின் தலைமை ஆபீஸ் உங்களை மாலேக்கு அழைத்துக்கொண்டது. சொல்லிக்கொள்ள வரவில்லையே என்று நான் குறைப்படவில்லை. நான் இத்தாவில் இருந்தேன், வந்திருந்தாலும் என்ன பேசியிருப்போம்? ஆனால் அதற்குப் பிறகு இங்கே நடந்ததை யாரும் உங்களுக்கு முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

துறைமுகத்து வேப்பமரத்தடியில் நீங்கள் முதல்முதலாக வந்து நின்ற நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வங்கி பணம் கடன் தராது, படகில் கூட்டாளியாகச் சேரும் என்றீர்கள். முக்கால் பங்கு வங்கி போடும், கால் பங்கு நாங்கள். மீன் விற்ற லாபத்தை ஒப்புக்கொண்டபடி பிரித்துக்கொள்வோம், வருஷா வருஷம் வங்கியின் பங்கை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம், கடைசியில் படகு எங்களுக்கே. நஷ்டம் வந்தால் அவரவர் பங்குப்படி அவரவருக்கு. படகுத் தலைவர் அலிஃபுல் காக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன தம்பி, வட்டிக்கு முக்காடு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்றார். ஊரே சிரித்தது. நீங்கள் முகம் சிவந்து, "முக்காட்டை விலக்கிப் பாருங்க காக்கா. உள்ள வட்டி இருந்தா நானே தூக்கிக் கடல்ல போடுறேன்" என்றீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது, "அந்தப் பையன் பொய் சொல்லல ஷஃபீ. பொய் சொல்றவன் இவ்வளவு சிவக்க மாட்டான்."

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஆடிக் காற்றின் அமளி கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில் மாலேயிலிருந்து இருவர் வந்து இறங்கினார்கள். ஒருவர் கணக்குப் பிரிவு அதிகாரி. இன்னொருவர் வங்கியின் ஷரீஅத் குழுவைச் சேர்ந்த ஷேக் தல்ஹா. பாவம், வழியெல்லாம் வாந்தி எடுத்து வெளுத்துப்போய்த்தான் படகைவிட்டு இறங்கினாராம். விசாரணையைத் தீவுக் கவுன்சில் ஆபீசில் வைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஷேக் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த அம்மா இத்தாவில இருக்காங்க. வழக்கு அவங்களைப் பத்தினது. அவங்க காதுல விழுற இடத்துல பேசுவோம்" என்று சொல்லி, எங்கள் முற்றத்துக்கே எல்லோரையும் அழைத்து வந்துவிட்டார். நான் அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர் கேட்ட எலுமிச்சைத் தண்ணீரை ராயிஃப் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அதிகாரி ஒளிக்காமல் பேசினார். கூட்டு வியாபாரத்தில் வரும் நஷ்டத்தை வங்கி சுமக்கும். ஆனால் படகை நடத்துகிறவருடைய கவனக்குறைவால் வந்த நஷ்டம் என்றால் வங்கியின் பங்கையும் அவரே தர வேண்டும். அன்று ரேடியோவில் காற்று எச்சரிக்கை வந்திருக்கிறது. அதையும் மீறி என் வீட்டுக்காரர் தீவுகளுக்கு நடுவே ஓடும் தெற்குக் கால்வாய்க்குப் போயிருக்கிறார். "இந்தத் தீவுலேர்ந்து போன ரெண்டு படகுல ஒண்ணு திரும்பியிருக்கு. ஒண்ணு திரும்பல. இதைக் கவனக்குறைவுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கே பட்டது. அதுதான் பயமாக இருந்தது.

வீடு போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய படகை விற்றதுதான் எங்கள் கால் பங்கு, அது கடலோடு போயிற்று. மிச்சம் இந்தச் சுவர்கள்தான். ஆனால் தம்பி, அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நாளைக்கு ராயிஃபைப் பார்த்து யாராவது, உன் வாப்பா ஜக்கரியா கவனமில்லாமல் போய் ஆட்களைக் கடலில் தள்ளியவன் என்று சொல்லிவிட்டால்? கூட இருந்த எட்டுப் பேரும் அல்லாஹ்வின் கிருபையால் பக்கத்துத் தீவுப் படகில் ஏறித் தப்பிவிட்டார்கள். தண்ணீர் இறைக்கும் பம்பை ஓட வைக்கக் கீழே எஞ்சின் அறைக்குப் போன என் வீட்டுக்காரர் மட்டும் மேலே வரவில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு பெயரா?

எல்லோரும் அலிஃபுல் காக்காவைப் பார்த்தார்கள். திரும்பி வந்த படகு அவருடையது. உங்களுக்குத் தெரியும், என் வீட்டுக்காரர் அவரிடமிருந்து பிரிந்து சொந்தப் படகு வைத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. அந்த விபத்துக்குப் பிறகு ஊரில் காக்காவின் மதிப்பு வானத்துக்கு ஏறியிருந்தது. அலிஃபுல் மேகத்தைப் படித்தவர், அதனால்தான் திரும்பினார் என்று டீக்கடையிலும் பள்ளிவாசலிலும் பேச்சு. மற்ற தீவுகளிலிருந்துகூட ஆள் வந்து அவரிடம் காற்று பற்றிக் கேட்டுப் போனார்கள். அவர் வாயைத் திறந்தால் எங்கள் கதை முடிந்தது என்று நான் யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நான் மேகத்தைப் பாத்துத் திரும்பல" என்றார். யாருக்கும் புரியவில்லை. "என் தொட்டியில இரைமீன் செத்துப்போச்சு. தண்ணி வர்ற துவாரத்துல துணி அடைச்சுக்கிச்சு. உசுரோட இரைமீன் இல்லாம சூரை பிடிக்க முடியுமா? அதான் திரும்பினேன். இரைமீன் இருந்திருந்தா ஜக்கரியாவுக்கு முன்னாடி நான் அந்தக் கால்வாயில நின்னிருப்பேன்."

அதிகாரி அவரை விடவில்லை. "அப்ப ஊரே நீங்க வானத்தைப் பாத்துத் திரும்பினதா சொல்லுதே?" என்று கேட்டார்.

"சொல்லிச்சு. நானும் இல்லேன்னு சொல்லல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் காக்கா. பிறகு ஷேக்கைப் பார்த்துச் சொன்னார்: "அந்த எச்சரிக்கை மாசத்துல பாதி நாள் வரும் ஷேக். அதைக் கேட்டு வீட்ல உக்காந்தா தீவுல அடுப்பு எரியாது. அன்னிக்குக் காலையில கடல் தட்டு மாதிரி இருந்துச்சு. அவன் கவனமில்லாதவன்னா நானும் கவனமில்லாதவன்தான், இங்க இருக்கிற எல்லாப் படகுக்காரனும் கவனமில்லாதவன்தான். எழுதுறதா இருந்தா எல்லார் பேரையும் எழுதுங்க."

அந்த மனிதர் என்ன கொடுத்தார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு கிடைத்த பெரிய பெயரை, எதிரிக்காக, அதுவும் இறந்துபோன எதிரிக்காக, ஊர் முன்னால் அவிழ்த்து வைத்துவிட்டார்.

ஷேக் மற்ற படகுக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார். தப்பி வந்தவர்களைக் கேட்டார். பிற்பகல் அசர் பாங்கு வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். தொழுதுவிட்டு வந்து, "வரும்போது பாதி வழியில நான் மௌத்தாயிடுவேன்னு நெனச்சேன். இந்தக் கடலைப் பத்தித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அதனாலதான் தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டேன். தெரிஞ்சவங்க எல்லாரும் போயிருப்போம்னு சொல்றாங்க. இது கவனக்குறைவு இல்ல, கத்ரு, அல்லாஹ் விதிச்சது. வங்கியோட பங்கு நஷ்டம் வங்கிக்கு" என்றார்.

அதிகாரி குரலைத் தாழ்த்தி, "ஷேக், நம்ம வங்கி இன்னும் தவழ்ற குழந்தை. இந்த வருஷம் இப்படி ஒரு அடி தாங்காது" என்றார். தாழ்த்திச் சொன்னாலும் அடுக்களைக்குக் கேட்டது. "தாங்கலேன்னா மூடிடுவோம்" என்றார் ஷேக். "சொன்ன சொல்லை மீறி நடத்துறதுக்கு இந்த வங்கி எதுக்கு? வட்டிக்கடை ஏற்கெனவே நிறைய இருக்கு." அதிகாரி எழுந்து ஜன்னல் பக்கமாக வந்து, என்னைப் பார்க்காமலேயே, "மன்னிச்சிடுங்கம்மா. கேக்கிறது என் வேலை" என்றார். அவரும் நல்ல மனிதர்தான் தம்பி.

கிளம்புகிற நேரத்தில் ஷேக் ஒன்று சொன்னார். நீங்கள் தலைமை ஆபீசில் போய், "பெரிய படகு வேணும்னு அவருக்கு ஆசை காட்டினது நான்தான். கவனக்குறைவுன்னு எழுதினா என் பேரை எழுதுங்க" என்று சொன்னீர்களாம். அதைக் கேட்டு அலிஃபுல் காக்கா சிரித்துவிட்டார். அத்தனை நாளில் எங்கள் முற்றத்தில் கேட்ட முதல் சிரிப்பு. "இவரு ஆசை காட்டினாராம். ஜக்கரியாவுக்கு யாராவது ஆசை காட்டணுமா? சின்னப் பிள்ளையில என் படகு விளிம்பைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே கரை வரைக்கும் வந்தவன் அவன்" என்றார்.

இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் இல்லை. வங்கிக்கும் உங்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தப் படகை அவர் ஓட்டிய காலம்தான் என் வாழ்க்கையில் அவர் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்த காலம்.

பதில் எழுதுங்கள். இரண்டு வரி போதும். அல்லாஹ் உங்கள் தூக்கத்தில் பரக்கத் செய்வானாக.

ஷஃபீகா


ஃபென்மாதூ தீவு,
மார்ச் 2018

அன்புத் தம்பி ஃபிக்ரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இடையில் எழுதியவை வந்து சேர்ந்தனவா என்று தெரியவில்லை. பழைய நம்பருக்குப் போன் செய்தால் யாரோ ஒரு பெண், இது வேறு ஆளுடைய நம்பர் என்கிறாள். நீங்கள் வங்கி வேலையை விட்டுவிட்டீர்கள், திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நம் ஊரிலிருந்து வரும் நோயாளிகளுக்கு மொழிபெயர்த்து உதவுகிறீர்கள் என்று, அங்கே கண் ஆபரேஷனுக்கு வந்த என் தங்கை சொன்னாள். உங்களைத் தூரத்தில் பார்த்தாளாம். எங்கள் தீவின் பெயரைச் சொன்னதும் அவசர வேலை இருக்கிறதென்று போய்விட்டீர்களாம். உங்கள் மனைவி ஸீனாதான் அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, முகவரியும் கொடுத்தாளாம். அவளுக்கு என் சலாம். குழந்தை பிறந்திருக்கும் செய்தியும் கேட்டேன். மாஷா அல்லாஹ்.

இங்கே நடப்பதைக் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். நஷ்டத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்ட வங்கி என்று பேச்சு தீவு தீவாகப் போய்விட்டது. அந்த விசாரணைக்குப் பிறகு வந்த வங்கித் தோணியில் முதல் ஆளாக ஏறியவர் யார் தெரியுமா? அலிஃபுல் காக்காதான். மாசிக் கருவாடு வைத்திருந்த தகர டப்பாவில் பணத்தைப் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார். காசாளர் மூக்கைச் சுருக்கியதும், "என்ன தம்பி, ஜலதோஷமா? நம்ம ஊர்ல பணம் இந்த வாசனையோடதான் வரும்" என்றாராம். அவருக்குப் பின்னால் வரிசை துறைமுகச் சுவர் வரைக்கும் நின்றது. பெண்கள்தான் அதிகம். வட்டி வேண்டாம் என்று மெத்தைக்கு அடியிலும் அரிசிப் பானையிலும் வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வெயிலைப் பார்த்தது.

வருஷக் கடைசியில் லாபப் பங்கு வந்தபோது காக்கா விடவில்லை. "இது எந்தப் படகு சம்பாதிச்சது? அதைச் சொல்லு, அப்பதான் வாங்குவேன்" என்று தோணியிலேயே உட்கார்ந்துவிட்டார். காசாளர் மாலேக்குப் போன் போட்டுக் கேட்டு, வடக்கே ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் அவர் பணம் வேலை செய்தது என்று சொன்ன பிறகுதான் இறங்கினார். இப்போது ஒவ்வொரு முறையும் பணம் எங்கே வேலை செய்தது என்று பலகையில் எழுதி மாட்டுகிறார்கள். எல்லாத் தீவுகளிலும் அப்படித்தானாம். தன்னால்தான் என்று அவர் சொல்லிக்கொள்கிறார். இந்தப் பெருமை அவருக்குப் பொருந்தும்.

நானும் சும்மா இல்லை. மாசி புகை போடும் அடுப்புகளை வங்கி வாங்கி, வாங்கிய விலை இவ்வளவு, எங்கள் லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லித் தவணையில் எனக்கு விற்றது. கணவரை இழந்த இன்னும் இரண்டு பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள். ரிஹாகுருவும் காய்ச்சுகிறோம். நாங்கள் காய்ச்சும் அந்தக் கெட்டி மீன்குழம்பு மாலே கடைகளில் போத்தலில் நிற்கிறது, உங்களுக்கும் ஒரு போத்தல் தங்கையிடம் கொடுத்திருந்தேன். நீங்கள் அவசரமாகப் போய்விட்டதால் ஸீனாவிடம் கொடுத்தாளாம்.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். கவுன்சில் கட்டடத்தில் வங்கிக்கு ஓர் அறை கிடைத்ததும் அதில் குளிர்சாதனம் போட்டார்கள், புதிதாக வந்த அதிகாரி ஒருவர் ஈரக் காலோடு உள்ளே வராதீர்கள் என்று எழுதி ஒட்டினார். மீன்பிடித் தீவில் காய்ந்த காலுக்கு எங்கே போவது? இப்போது அந்தக் காகிதம் இல்லை. யார் கிழித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

கோபமாக இருந்தால் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள் தம்பி. பேசாமல் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. உங்கள் குழந்தைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

ஷஃபீகா ராத்தா


ஃபென்மாதூ தீவு,
நவம்பர் 2025

அன்புத் தம்பி ஃபிக்ரிக்கும் தங்கை ஸீனாவுக்கும், உங்கள் மகளுக்கும் என் சலாம்.

இந்த முறை முதலில் நல்ல செய்தி. நம் வங்கிக்கு இங்கே சொந்தக் கட்டடம் எழும்பிவிட்டது. பள்ளிவாசலுக்கு எதிரே, முன்பு பனிக்கட்டி ஆலை இருந்த இடம். இந்தப் பவளத்தீவுக் கூட்டம் முழுமைக்கும் இதுதான் கிளை. வங்கித் தோணி இன்னும் சின்னத் தீவுகளுக்குப் போய் வருகிறது, ஆனால் இப்போது அது இங்கேயிருந்து கிளம்புகிறது. நீங்கள் ஒற்றை ஆளாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற ஊரில் இன்று பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அதில் எட்டுப் பேர் இந்தத் தீவுப் பிள்ளைகள்.

கிளை மேலாளர் நஜ்வா என்று ஒரு பெண். திறப்பு விழாவுக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என்னம்மா தேடுகிறாய் என்றேன். "வேலைக்குச் சேர்ற எல்லாருக்கும் பயிற்சி வகுப்புல முதல் பாடமே இந்த முற்றம்தான். ஷேக் எங்க உக்காந்தார், நீங்க எந்த ஜன்னல்ல இருந்தீங்கன்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றாள். பிறகு, "கவனக்குறைவுன்னா என் பேரை எழுதுங்கன்னு ஒரு அதிகாரி சொன்னாராமே. அவர் பேரு மட்டும் யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லி உங்கள் பெயரையும் உங்கள் தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனாள். இனி அவர்கள் பாடத்தில் உங்கள் பெயர் இருக்கும். கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அலிஃபுல் காக்கா தடி ஊன்றித்தான் விழாவுக்கு வந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, காது மட்டும் கூர்மை. கண்ணாடிக் கதவைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு செலவு பண்ணியிருக்காங்களே, என் பங்குல எவ்வளவு குறையும்?" என்று நஜ்வாவைக் கேட்டார். அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

இனி இன்னொரு செய்தி. இதை எழுத இரண்டு முறை பேனாவை எடுத்து வைத்துவிட்டேன்.

ராயிஃப் படகு வாங்குகிறான். அவன் வாப்பா செய்தது போலவே வங்கியோடு கூட்டு. அவனை மாலேயில் படிக்க வைத்தேன், ஒரு ஹோட்டல் தீவில் நல்ல வேலையும் கிடைத்தது. ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்து, "உம்மா, அங்க கடலைப் பாக்கிறதுக்குச் சம்பளம் தர்றாங்க. எனக்குக் கடல்ல வேலை செய்யணும்" என்றான். நான் அவனோடு பேசவில்லை. ரொட்டி சுட்டு வைப்பேன், தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவேன். அவனும் கெஞ்சவில்லை, வாதாடவும் இல்லை. ஒருநாள் மட்டும், "வாப்பா போன கடல்தான் உம்மா. இத்தனை வருஷமா நமக்குச் சோறு போட்டதும் அதே கடல்தானே" என்றான். நான் விற்கும் மாசி அந்தக் கடலில் பிடித்ததுதான்.

எங்கள் பங்குக்கு என் மாசி வியாபாரத்தின் பணத்தையும் சேர்ப்பதால் என் சம்மதமும் வேண்டும் என்று நஜ்வா என்னைக் கூப்பிட்டாள். படகுக்கும் ஆட்களுக்கும் தகாஃபுல் உண்டு, எல்லோரும் போட்ட பொதுப் பணத்திலிருந்து இழந்தவருக்குக் கொடுப்பது. ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை, தொலைத்தொடர்புக் கருவி, எல்லாம் இருந்தால்தான் படகு துறையைவிட்டுக் கிளம்பலாம். "இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் படகுக்கு அப்புறம் வந்த விதிங்கம்மா. அதுக்கு அப்புறம் எங்க கூட்டுப் படகுகள்ல நாங்க ஒரு ஆளையும் இழக்கல" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் பதறிப்போனாள். துக்கம் இல்லையம்மா என்று சொன்னேன், அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெண்கள் பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் துறைமுகத்துக்குப் போய்ப் புருஷனைத் திரும்பக் கூட்டி வருகிறார்கள். என் வீட்டுக்காரர் போனதால் அந்த ஆண்கள் திரும்பி வருகிறார்கள் என்றால், நான் அல்லாஹ்விடம் வேறு என்ன கேட்பது? சம்மதம் என்று சொன்னேன். அன்றைக்கு ராயிஃபோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

தம்பி, இப்போது உங்களைப் பற்றி. ஸீனா எனக்கு எழுதினாள். அவளைக் கோபிக்கக் கூடாது, அவள் உங்களைக் காட்டிக்கொடுக்க எழுதவில்லை. என் கடிதங்களை நீங்கள் பிரிப்பதே இல்லை என்றும், எறிவதும் இல்லை என்றும், எல்லாவற்றையும் அவள்தான் படித்தாள் என்றும் எழுதியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நம் ஊர் நோயாளிகளுக்காக இராப்பகல் ஓடுகிறீர்களாம், யாரிடமும் ஒரு கிளாஸ் டீகூட வாங்கிக் குடிப்பதில்லையாம். அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் இன்னொன்று எழுதியிருந்தாள். கடற்கரை உள்ள ஊரில் இருந்துகொண்டு உங்கள் மகள் இதுவரை கடலில் கால் வைத்ததில்லையாம். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சங்குமுகம் கடற்கரைக்குப் போனபோது இவளை மட்டும் நீங்கள் அனுப்பவில்லையாம். ஏன் வாப்பா என்று அவள் கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்றீர்களாம்.

இந்தக் கடிதத்தை ஸீனா உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். நீங்கள் எழுந்து போனால் பின்னாலேயே வந்து படிப்பாள்.

ஷேக் தல்ஹா என் முற்றத்தில் தீர்ப்புச் சொன்னார். வங்கி தன் பங்கு நஷ்டத்தை எடுத்துக்கொண்டது. என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன், சுமந்தும் முடித்துவிட்டேன். அந்தக் கணக்கில் உங்களுக்கென்று பங்கு எதுவும் எழுதப்படவில்லை தம்பி. எழுதாததை எடுத்துக்கொண்டு போனவர் நீங்கள். இத்தனை வருஷம் வைத்திருந்தது போதும்.

ராயிஃபின் படகை ஜமாதுல் ஆகிர் மாதம் முடிவதற்குள் தண்ணீரில் இறக்குகிறார்கள். வர முடிந்தால் வாருங்கள், உங்களுக்கு ஓர் அறை கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறேன். வர முடியாவிட்டால் அதற்காக வருந்த வேண்டாம். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு, வெயில் தணிந்ததும் மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். அலை வந்து அவள் காலை நனைக்கட்டும். சிரிப்பாள். எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும். யார் அனுப்பினார்கள் என்று கேட்டால், ஃபென்மாதூவில் இருக்கும் உன் மாமி அனுப்பினாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் மூவரையும் அல்லாஹ்வின் பாதுகாப்பில் ஒப்படைக்கும்,
ஷஃபீகா ராத்தா